பொகீமியா ராசாவின் கிண்ணம்

புஜைரா, காம்ப்
05.11.2024, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, பயம்தான் பிடித்து ஆட்டுகிறது. வந்த அன்றே எல்லாருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். விருந்து வைக்கும் பெரிய மனிதர் ஒரு படமும் வெளியே போகக்கூடாது என்கிறாராம். எங்கள் உடுப்புகளை ஏற்றி இறக்கும் வான் ஓட்டும் செய்கு முகம்மது பாய் செவ்வாயும் வெள்ளியும் நீங்கள் இருக்கும் கராமாவுக்கு வந்து போகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இந்த விருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விருந்து வைப்பவர் சக்கரவர்த்தி வேடம் போடுகிறார். அவருடைய சிநேகிதர்கள் நான்கு பேர் இளவரசர்கள். ஒருவர் குதிரையோடு தானியக் குவியலுக்குள் போகிறார், ஒருவர் கைகழுவத் தண்ணீர் கொண்டுவருகிறார், ஒருவர் சாப்பாட்டுத் தட்டு, ஒருவர் கிண்ணம். அந்தக் கிண்ணக்காரருக்குப் பின்னால் நிற்கும் வேலைக்காரன் நான். "பேரு அவுகளுக்கு, சொமை நமக்கு" என்கிறான் என்னோடு வேலை செய்யும் சிவகங்கைச் சோலைமுத்து. பிழைவிட்டால் விசா கான்சல் என்று மனேஜர் கத்துகிறார். நேற்று ஒத்திகையில் என் கை தவறி மாதுளைச் சாறு அவருடைய கால் சப்பாத்தில் கொட்டிவிட்டது.

மனேஜர் தந்த இங்கிலீசுத் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஊரில் வரலாறு படிப்பித்தவர் நீங்கள். இங்குள்ள எட்டுத் தமிழருக்கும் விளங்கும்படி எழுதி அனுப்புங்கோ.

உங்கள் அன்புத் தம்பி,
சஜீவன்


கராமா
08.11.2024, வெள்ளி

என் செல்லத் தம்பிக்கு,

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பத்து வயதிலும் தவில் சத்தத்துக்குப் பயந்து என் பின்னால் ஒளிந்தவன்தானே நீ. சாறு கொட்டினால் துடைக்கலாம், அதற்காக ஒருவரும் உன்னைப் பிடித்துத் தின்னமாட்டார்கள்.

ஆறு வருடமாக இந்த டைப்பிங் சென்டரில் விசா விண்ணப்பம் அடித்து அடித்துச் சலித்துப்போன எனக்கு அந்தத் தாள்கள் விருந்து போல இருந்தன. ஜெர்மன் நாட்டுப் பக்கம் அறுநூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு சக்கரவர்த்தி சட்டம் எழுதினார். அவரைத் தேர்ந்தெடுக்கும் இளவரசர்களே பெரிய சபை நாட்களில் அவருக்கு வேலைக்காரராக நிற்கவேண்டும். சாக்சனிக்காரர் குதிரையின் நெஞ்சளவு குவித்த ஓட்ஸை வெள்ளி மரக்காலில் அள்ளுவார். பிராண்டன்பேர்க்காரர் கைகழுவத் தண்ணீரும் துடைக்கத் துவாயும். ரைன் நதிக்கரைக் கோமகன் வெள்ளித் தட்டில் சாப்பாடு. பொகீமியா ராசா கிண்ணத்தில் வைன். இதை அவமானம் என்று நினைத்துவிடாதே, அந்தப் பதவிக்காக அடிபட்டவர்களும் உண்டு.

எனக்குப் பிடித்தது முடிவுதான். சடங்கு முடிந்ததும், இளவரசருக்குப் பின்னால் நின்று உண்மையில் வேலை செய்பவனுக்கே அந்தப் பொருள் போய்ச் சேரும். கிண்ணம் உன்னுடையது, ராசா!

எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதி, எட்டுப் பேரும் நம்பவேண்டும் என்று என் கையெழுத்தோடு சென்டர் முத்திரையும் குத்தியிருக்கிறேன். முதலாளிக்குத் தெரியாது. மகள் துஷானி மாமாவைச் சுகம் கேட்டாள்.

ஆசை அக்கா,
சுகந்தா


புஜைரா
26.11.2024, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை விருந்து நல்லபடியாக முடிந்தது. ஒரு துளியும் சிந்தவில்லை. பொகீமியா ராசாவாக வந்த கிழவர் சக்கரவர்த்திக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, வெறுங் கிண்ணத்தை என் கையில் வைத்து, தோளில் தட்டி, "கலாஸ்" என்று சொல்லிப் போனார், அரபியில் முடிந்தது என்று அர்த்தம். உங்கள் தாளில் உள்ளபடியே நடந்தது. மற்றவர்களிடமிருந்த தட்டையும் மரக்காலையும் மேடைக்குப் பின்னால் திருப்பி வாங்கினார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. என்னை ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் காட்டலாம் என்று கிண்ணத்தை நான் உடுக்கும் சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

நேற்று மனேஜர் எல்லாரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தினார். கிண்ணத்தைக் காணவில்லையாம், அது ஐரோப்பாவிலிருந்து வாடகைக்கு எடுத்த பழைய வெள்ளியாம். யாரிடம் இருக்கிறதோ அவன் கள்ளன், நேரே ஜெயில் என்று ஹிந்தியில் சொன்னார். சொல்ல வாயைத் திறந்தேன் அக்கா, சத்தம் வரவில்லை. "வாயத் தொறக்காதடா, உரிச்சுப்புடுவாய்ங்க" என்று சோலைமுத்து காதுக்குள் சொன்னான். உங்கள் தாளை எட்டுப் பேருக்கும் வாசித்துக் காட்டினேன். இப்போது கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

கேட்டைப் பூட்டிவிட்டார்கள். தேசிய தின விடுமுறை முடிய, அடுத்த புதன்கிழமை பொலிஸ் வருகிறது. நான் என்ன செய்ய?

தம்பி,
சஜீவன்


கராமா
29.11.2024, வெள்ளி

சஜீ,

உன் கடிதம் கிடைத்த நேரம் முதல் ஒரு கவளம் இறங்கவில்லை. இங்கிலீசுத் தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், விருந்து முடிந்ததும் எல்லாப் பொருளும் களஞ்சியத்துக்குத் திரும்பவேண்டும் என்று இருக்கிறது. அது வெறும் கம்பனி விதிதானே என்று நான் தமிழில் எழுதவில்லை. பழைய கதையில் மயங்கிப்போய் உன்னைக் கிணற்றில் தள்ளிவிட்டேன்.

கிண்ணத்தைப் பாயிடம் கொடுத்துவிடு. உடுப்புக்குள் கிடந்தது என்று அவர் சொல்லட்டும். அந்தத் தாளை எரித்துவிடு. முத்திரையைக் களவாகக் குத்தியது தெரிந்தால் என் வேலை போகும், விசா போகும், என் விசாவில் இருக்கும் துஷானிக்கும் போகும். மார்ச்சில் அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. தகப்பன் இல்லாத பிள்ளை. கோபிக்காதே.

அக்கா


புஜைரா
29.11.2024, பின்னேரம்

அக்கா,

வானின் சீட்டைக்கூடக் கழற்றிப் பார்க்கிறார்கள். பாய் நான்கு பிள்ளைக்காரர். "என்ன தம்பி, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்று அவராகவே கேட்டார். சொல்லவில்லை. அவரை இதற்குள் இழுக்கமாட்டேன்.

தாளை எரிக்கவும் இல்லை. நான் கள்ளன் இல்லை என்று சொல்ல என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ஆனால் நானாக அதை நீட்டினால் உங்களைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். நீங்களாக வந்து, "நான்தான் பிழையாக எழுதினேன்" என்று சொன்னால் அது வேறு. பிழைக்கு மன்னிப்பு இருக்கும், களவுக்கு இல்லை.

புதன்கிழமை வாருங்கோ. கிண்ணத்தை நானே மேசையில் வைக்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் எனக்குச் சத்தம் வரும்.

தம்பி


கராமா
06.12.2024, வெள்ளி

சஜீ,

புதன்கிழமை விடிய யூனியன் பஸ் நிலையத்துக்குப் போனேன். புஜைரா பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இருந்தேன். கதவு மூடும் நேரத்தில் இறங்கிவிட்டேன். கால் தானாக இறங்கியது என்று எழுதினால் பொய். யோசித்துத்தான் இறங்கினேன். துஷானியைக் கூட்டிக்கொண்டு அடுத்த மாதம் எங்கே போய் நிற்பேன் என்று யோசித்தேன். நீ ஜெயிலில் கிடப்பதாக வைத்தும் யோசித்தேன். அடுத்த பஸ்ஸும் போனது. வேலைக்கு வந்துவிட்டேன்.

இங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. சென்டர் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் பொலிஸோ என்று எட்டிப் பார்க்கிறேன். முதலாளி முத்திரையைக் கையில் எடுத்தால் அடித்துக்கொண்டிருக்கும் வரியைப் பிழைவிடுகிறேன்.

நீ என் பெயரைச் சொன்னாயா? சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. தாளை என்ன செய்தாய்? ஒரு வரியாவது எழுதடா.

அக்கா


மானிப்பாய்
22.12.2024

அக்காவுக்கு,

நான் ஊருக்குப் புறப்பட்ட நாளில் பாய் உங்கள் கடிதத்தைத் தந்தார்.

புதன்கிழமை மூன்று மணிவரை கேட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். டாக்சிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பினேன். பிறகு கக்கூசுக்குள் போய்த் தாளைக் கிழித்துத் தண்ணீர் விட்டேன். உங்களுக்காகச் செய்தேன் என்று நினைக்கவேண்டாம். அந்த எழுத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

கிண்ணத்தை மேசையில் வைத்தேன். யார் சொல்லி எடுத்தாய் என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை, ஆசைப்பட்டு எடுத்தேன் என்றேன். பொருள் பழுதில்லாமல் வந்ததால் விருந்து வைத்தவர் வழக்குப் போடவில்லை. களவெடுத்தேன் என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கி, விசாவை வெட்டி அனுப்பிவிட்டார்கள். ஒருவரும் அடிக்கவில்லை. நான் பயந்ததில் பாதியும் நடக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து வந்ததாக அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கோ. துஷானி நன்றாகப் படிக்கட்டும். கதவு திறந்தால் இனிப் பயப்படவேண்டாம், உங்களைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள். இந்த நாட்டில் உனக்கு உறவுக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று பொலிஸ்காரர் கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

ம. சஜீவன்