விடத் தெரியாத கை

மார்ச் 3
பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது; இடது கையால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தது வலது கை. இது பள்ளிக்கூடம் பக்கமே போகாதது, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

நல்ல சேதியாக எழுதிப் பழகுவோம். பெரிய பேரன் கப்பலில் என்ஜினியர். பேத்தி பல் டாக்டர். கடைக்குட்டி ஓட்டப்பந்தயத்தில் வெள்ளி மெடல்; தங்கம் வாங்கியவனுக்குக் கால் நீளம், அது இவன் குற்றமா? மூன்று படமும் சுவரில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. கடைக்குட்டி கீழே, பேத்தி நடுவில், பெரியவன் உச்சியில்.

பேத்தி மாசக் கடைசியில் கைக்குழந்தையோடு வருகிறாள். என் கையில்தான் முதலில் கொடுப்பாளாம்.

மார்ச் 6
பயிற்சிக்காரப் பெண் வந்தாள். நல்ல கையால் வலது கையைத் தூக்கி, மடக்கி, நீட்ட வேண்டும். பிறகு விரல்களைச் சுவரில் எறும்பு மாதிரி ஏற்ற வேண்டும். "தனியா இருக்கும்போது சுவர்கிட்ட போகாதீங்க பாட்டி." இன்னும் என்னென்னவோ சொன்னாள். நடுவில் மெடல் கதையை நானும் சொல்லிவிட்டேன்.

விரல் கடைக்குட்டியை எட்டியது.

மார்ச் 9
ராத்திரி கை மரத்துப்போனால் மறுபடி வந்துவிட்டதோ என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இந்தத் தடவை பேச்சு போய்விட்டால்?

மார்ச் 14
மருமக தையல் கடைக்குப் போனதும் சுவர்கிட்ட போனேன். பேத்தி படத்தைத் தொட்டே ஆகணும்னு எம்பினேன். விரல் சட்டத்தைப் பிடிச்சுது. பிடிச்சது விடலை. விடுன்னு சொல்றேன், கேக்கலை. இழுத்தேன் — இன்னும் இறுக்குது. ஆணியோட வந்துடுச்சு. கண்ணாடி காலடியில சுக்கு நூறு. சட்டம் கையிலயே. வெறுங்காலோட அப்படியே நின்னேன், அவ சாப்பாட்டுக்கு வர்ற வரைக்கும்.

"அசையாதீங்க அத்தை." கூட்டிவிட்டு வந்து என் மணிக்கட்டை மெதுவாகக் கீழே மடக்கினாள். விரல் தானாக விட்டது. "இழுத்தா விடாது, மடக்கினா விடும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே?"

"எப்போ?"

"நீங்க மெடல் கதை சொன்னப்போ."

மார்ச் 15
ஒன்றும் செய்யவில்லை. அது குழந்தையாக இருந்திருந்தால்?

மார்ச் 19
சுருட்டிய துண்டைக் கொடுத்து, பிடித்து விடச் சொல்கிறாள் மருமகள். "பிடிக்கிறது உங்களுக்கு நல்லா வருது. விடுறதுதான் எப்பவும் வராது." கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாள், என்னிடமே. ஆனாலும் தினம் பக்கத்தில் உட்காருகிறாள்.

மார்ச் 28
பேத்தி குழந்தையை நீட்டினாள். வேண்டாம் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. மருமகள்தான் மடியில் வாங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை சும்மா இருக்குமா? என் வலது கைக்குள் தன் கையை விட்டுவிட்டது. என் விரல்கள் மூடிக்கொண்டன. உயிரே போய்விட்டது எனக்கு. பேத்தி பாய்ந்தாள். "இழுக்காதே," என்றேன். இடது கையால் மணிக்கட்டை மடக்கினேன். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

நான் விட்டேன். அதுதான் என் கட்டைவிரலை விடவில்லை.

ஏப்ரல் 20
பயம் போகவில்லை. சுவர்கிட்ட போகும்போது மருமகளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதாம், நாலாம் மாதமே. பல் டாக்டர் பிள்ளை வேறெப்படி இருக்கும்? போனில் சொல்லிவிட்டேன்: பல் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. கண்ணாடி இல்லாத சட்டம் மருமகள் வாங்கிவிட்டாள். பெரியவனுக்கும் மேலே, என் விரல் இன்னும் எட்டாத இடத்தில், ஆணி அடித்தாயிற்று. சீக்கிரம் அனுப்பு.