முபாரகா அக்காவின் வயலில் ஆலைத் தண்ணீர்

டிசம்பர் 3
ஆலிவ் ஆலை நிற்காமல் ஓடுகிறது. எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் கறுப்புத் தண்ணீரால் மூன்று குளங்களும் விளிம்புவரை நிறைந்துவிட்டன. சுண்ணாம்பு கலந்து, தெளியவிட்டு, காற்றூதி, புளிப்பும் நஞ்சும் இறங்கிய பிறகே உரமாக வெளியே விடுவோம். கூட்டுறவில் என் வேலை அதுதான். மூன்றாம் குளத்து மாதிரியை வெள்ளிக்கிழமை மொன்செஃப் ஒரு புட்டியில் கொண்டுவந்தார். ஆலையில் மேஸ்திரி, வீட்டில் என் கணவர். அதில் ஊறவைத்த விதைகள் ஏறக்குறைய எல்லாமே முளைத்துவிட்டன. நஞ்சு இவ்வளவு சீக்கிரமா இறங்கிவிட்டது?

டிசம்பர் 5
ஸ்ஃபாக்ஸ் சாலையோரம் முபாரகா அக்காவின் வயலுக்கு அந்தக் குளத்துத் தண்ணீரை டேங்கரில் அனுப்பக் கையெழுத்துப் போட்டேன். அவளுடைய இருபத்திரண்டு ஆடுகளுக்கும் அங்கே விளையும் பார்லிதான் தீனி. மழை இல்லை. "நீ சரின்னா சரி, தங்கச்சி. விடச் சொல்லு" என்றாள்.

டிசம்பர் 14
பயிர் கருகிக் கிடக்கிறது. வயல் முழுக்க. மண்மேல் எண்ணெய் ஏடு. அக்கா திட்டவில்லை. ஒரு பயிரை வேரோடு பிடுங்கி என் கையில் வைத்தாள். "இத நீயே வச்சுக்க."
எங்கே தப்பு? சுண்ணாம்பிலா? என் கணக்கிலா?

டிசம்பர் 15
மூன்றாம் குளத்தில் நானே வாளி இறக்கி மொண்டேன். சோதனைத் தாள் உடனே சிவந்தது. பிழிந்த அன்றைக்கு இருக்கும் அதே புளிப்பு.

மொன்செஃபிடம் கேட்டேன். குஸ்குஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தப் புட்டில கெணத்துத் தண்ணி கலந்தேன்" என்றார்.

"எவ்வளவு?"

"பாதிக்கு மேல. குளம் ரொம்பிருச்சு, கமீஸா. ஊரே காயோட வாசல்ல நிக்குது. ஆலைய நிறுத்தச் சொல்றியா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பியா?"

போட்டிருக்க மாட்டேன். அது தெரிந்துதான் — அந்தப் புட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, "சாப்பிட்டியா"ன்னு கேட்டார். அதத்தான் தாங்க முடியல. பதினோரு வருஷமா யார்கூட இருந்தேன் நான்?

டிசம்பர் 16
எழுத வரல.

டிசம்பர் 17
கூட்டுறவுக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாதிரி பொய், கையெழுத்து என்னுடையது. மொன்செஃப் நிமிரவில்லை. கணக்கர் முனகினார்: "வீட்டு விஷயம். வீட்டோட வச்சிருக்கலாம்."

பின்வரிசையிலிருந்து முபாரகா அக்கா கேட்டாள்: "ஏன், என் வயலு அவங்க வீட்டுக்குள்ளயா இருக்கு?"

கூட்டம் முடிவெடுத்தது: புதுக் குளம் வெட்டும்வரை ஆலை நிற்கும். அக்காவின் ஆடுகளுக்குக் கோடைவரை கூட்டுறவே தீனி போடும்.

ஜனவரி 9
மொன்செஃபை மேஸ்திரி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குளம் வெட்டுகிறவர்களோடு மண்வெட்டி பிடிக்கிறார். வீட்டில் ரொட்டி, விளக்கு, கதவு — அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 28
தண்ணீர் தெளிய மூன்று மாதம் பிடித்தது. இந்த முறை விதைகள் உண்மையாகவே முளைத்திருக்கின்றன. முபாரகா அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "ஒரு மூலைக்கு மட்டும் விடு. பாப்போம்."
இப்போது மாதிரியை நானே எடுக்கிறேன். நான் கரையேறினால், மொன்செஃப் யாரும் சொல்லாமலே மண்வெட்டியை வைத்துவிட்டு மறுகரைக்குப் போய்விடுகிறார். நான் புட்டியை மூடும்வரை முதுகைக் காட்டியே நிற்கிறார்.