லாசர் மறித்த ஆற்றுத்துறை

செப்டம்பர் 4
மழை. விரல் மரத்துப்போகிறது. மடத்துப் புத்தகத்துக்காகப் பழைய ஆநிரைக் கதையில் இன்று மூன்று பக்கம் படியெடுத்தேன். இருநூறு மாடுகளைக் கவர்ந்து ஓட்டி வருகிறார்கள். ஆற்றுத்துறையில் ஒற்றை ஆள் மறிக்கிறான். எழுதும்போதே மெய்சிலிர்த்தது. துறவிக்கு இது ஆகுமா? ஆகாதுதான். ஆனாலும் கவர்ந்தவர்கள் தப்பிவிட வேண்டுமே என்றுகூட மனம் அடித்துக்கொண்டது.

செப்டம்பர் 9, புனித கியரான் திருநாள்
எங்கள் மாடுகள் போய்விட்டன.

திருநாள் என்பதால் நாங்கள் எல்லோரும் பகல் முழுவதும் பூசையில் இருந்தோம். புதிதாகப் பட்டமேறிய ராஜா துவாதல் முப்பது ஆட்களோடு வந்து மடத்துக் கறவைகளை ஓட்டிப் போய்விட்டான். பட்டமேறிய முதல் வருடமே ஆநிரை கவர்ந்தால்தான் அவனை ராஜா என்று மதிப்பார்கள். வழக்கம்தான். கதையில் படிக்க எவ்வளவு நன்றாக இருந்தது! வெட்கமாக இருக்கிறது.

நாற்பத்தொன்பதில் ஒன்பது மட்டும் திரும்பி வந்தன. மாடு மேய்க்கும் பெண் லாசர் சேறும் சகதியுமாகப் பின்னால் வந்தாள். வந்ததும் கறக்க உட்கார்ந்துவிட்டாள்.

செப்டம்பர் 10
தண்ணீர்க் கஞ்சி. இருக்கிற பால் நோயாளிகளுக்கே போதவில்லை.

செப்டம்பர் 17
ராஜாவின் ஆள் வந்தான். ராஜா ஆநிரை கவர்ந்ததை நான் எழுத வேண்டுமாம், பழைய கதைகள் இருக்கும் அதே புத்தகத்தில். எங்கள் பக்கம் முப்பது கேடய வீரர்கள் எதிர்த்து நின்றார்களாம், அவர் முறியடித்தாராம். அனைத்துப் புனிதர் திருநாளன்று அதைப் படித்துக் காட்டினால் மாடுகள் திரும்பி வரும். மடத்துத் தலைவர் ஃபைலான் உடனே சரி என்றுவிட்டார். குளிர்காலம் வருகிறது, அவருக்கு வேறு வழி?

முப்பது கேடயமா? எங்களிடம் முப்பது மண்வெட்டிகூட இல்லை.

செப்டம்பர் 21
அன்று என்னதான் நடந்தது என்று லாசரிடம் கேட்டேன். கறந்துகொண்டே, முகம் திருப்பாமல் சொன்னாள். இடுப்பளவு தண்ணீரில் போய்த் துறையின் நடுவில் நின்றிருக்கிறாள். கையில் கோல்கூட இல்லை. ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டதெல்லாம் அப்படியே நின்றுவிட்டன. முப்பது பேர் அடித்தும் நகரவில்லை, பொழுது சாயும்வரை. அவளுக்குத் தொண்டை கட்டிய பிறகுதான் ஓட்ட முடிந்திருக்கிறது. அப்போதும் ஒன்பது திரும்பிவிட்டன.

எட்டு வருடமாக யாரை எழுதி எழுதிச் சிலிர்த்தேனோ, அந்த ஆள் என் எதிரே முக்காலி போட்டுப் பால் கறக்கிறாள்!

அவளோ, "அவன் கேட்ட பொய்யையே எழுதிக் குடுத்துடுங்க சாமி. எனக்கு மாடு வந்தாப் போதும்" என்றாள்.

அக்டோபர் 12
முப்பது கேடயம் என்று எழுதினேன். சுரண்டினேன். மறுபடி எழுதினேன். மறுபடி கத்தியால் சுரண்டி அழித்தேன்.

அக்டோபர் 20
நடந்ததையே எழுதிவிட்டேன். அவள் பெயரை மட்டும் விட்டேன், வம்பு அவள் தலையில் விழக் கூடாதென்று. என்ன காரியம் செய்தேன்? மாடு வராவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? தலைவரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள்
ராஜாவின் எதிரில் படித்தேன். கதையில் துறை வந்ததும் ராஜாவின் ஆட்கள் தலை குனிந்தார்கள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் கேட்டது இது இல்லையே" என்றார் ராஜா.

இல்லை என்றேன்.

"அவளுக்குத் தொண்டை கட்டலைன்னா இன்னிக்கும் அந்தத் தண்ணியிலதான் நின்னுக்கிட்டிருப்போம்" என்றார் தன் ஆட்களிடம். ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு என் பக்கம் திரும்பினார். "பேரை ஏன் விட்டீங்க? முப்பது கேடயத்தை எவன் ஞாபகம் வச்சிருக்கப் போறான்? இப்படி ஒருத்தியைத் தாண்டி மாடு ஓட்டினேன்னாத்தான் எனக்குப் பெருமை. அவ பேரைப் போடுங்க."

அவர் எதிரிலேயே போட்டேன்.

நவம்பர் 5
நாற்பதும் வந்துவிட்டன. லாசர் துறையில் நின்று கூப்பிட்டாள். குரல் இன்னும் கரகரப்புதான். ஒவ்வொன்றும் தன் பெயர் கேட்டதும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடி வந்தது. ஓட்டி வந்த ஆட்கள் கோலைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தபடி நின்றார்கள். நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

நவம்பர் 9
லாசர் எழுதும் குடிலுக்கு வந்தாள். புத்தகத்தில் அவள் பெயரைத் தொட்டுக் காட்டினேன். பெரிதாக ஒன்றும் மகிழவில்லை.

"மாட்டுப் பேரெல்லாம் எங்க சாமி? அடி வாங்கிக்கிட்டு நின்னது அதுங்கதானே?"

நாற்பத்தொன்பது பெயர். எழுதத் தோல் மிச்சமில்லை. புத்தகத் தோல் என்றால் கன்றுத் தோல்தான், அதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். திரும்பிப் போய்விட்டாள்.

நவம்பர் 11
காலையில் அவளே ஒரு தோலைக் கொண்டுவந்தாள், உப்பிட்டுச் சுருட்டி வைத்திருந்தது. ராஜாவின் ஆட்கள் மாடுகளை அடித்த அன்று, அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்து மிதிபட்டுச் செத்த கன்றின் தோல்.

"இதுக்குப் பேரு வைக்கிறதுக்குள்ள போயிடுச்சு" என்றாள். "இதுல எழுதுங்க."

டிசம்பர் 14
தோல் சுண்ணாம்பில் ஊறி, மயிர் வழித்து, காய்ந்து தயாராகிவிட்டது. லாசர் பக்கத்தில் நின்று சொல்கிறாள், நான் எழுதுகிறேன். இன்று இருபத்திரண்டு பெயர். முதல் வரியைக் காலியாக விடச் சொன்னாள். விட்டிருக்கிறேன்.