சுவரில் ஒட்டிய சாட்சி

பட்டாபிராம்
7.11.93

என் அன்பு மகள் சலோமிக்கு, அப்பா தேவராஜ் தன் சொந்தக் கையால் எழுதுவது. அம்பர்நாத்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனதில்தான் குறை, அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் கையெழுத்தைப் பார். இத்தனை வருஷம் நான் சொல்லச் சொல்ல உன் தம்பி ஜேம்ஸ் எழுதுவான், பாதியை முழுங்கிவிடுவான், இனி அந்தக் கதை இல்லை. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் அறிவொளி வகுப்பில் கஸ்தூரி டீச்சர் என் ழகரத்தைப் பார்த்து, தாத்தா என்னுதைவிட உங்களுது அழகு என்றாள். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போகிறது, இருந்தாலும் பேனாவைக் கீழே வைக்க மனமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி மழையோடு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் இருமல் நின்றதா, அவரை ஈரத் தலையோடு டியூட்டிக்கு அனுப்பாதே.

இப்போது அந்த அசிங்கத்தைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு வேம்புலியை உனக்குத் தெரியும், மண்ணூர்பேட்டையில் மோல்டிங் கம்பெனியில் வேலை செய்பவன், உன் கல்யாணத்தன்றுகூடக் குடித்துவிட்டுப் பந்தல் காலைக் கட்டிக்கொண்டு அழுதவன். அவன் பொங்கலிலிருந்து குடியைத் தொடவில்லை. அவன் பெண்டாட்டி நாகவல்லி சம்பள நாளில் கம்பெனி கேட்டிலேயே போய் நின்று கூட்டிவருவாள், அவனும் கை நடுங்க நடுங்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். ஜேம்ஸும் அவனுக்காக ஜெபித்தான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வேம்புலி நம் வீட்டுக்குள் உட்கார்ந்து ஜேம்ஸிடம் அழுதுகொண்டு சொன்னதெல்லாம் சுவருக்கு வந்துவிட்டது மகளே.

எங்கள் வகுப்பில் எழுத்தைக் கூட்டிச் சத்தமாகத்தான் படிக்கச் சொல்வார்கள். அதனால் நான் பஸ் பலகை, மருந்துக்கடைப் பெயர் எதைக் கண்டாலும் நின்று உரக்கப் படிப்பேன், தெரு சிரிக்கும், எனக்கு அது ஒரு பெருமை. போன செவ்வாய்க்கிழமை டீக்கடைச் சுவரில் ஜெபக்கூட்டத்துப் புது நோட்டீஸ் பளபளவென்று ஒட்டியிருந்தது, எழுப்புதல் கூட்டம், சிறப்புச் சாட்சி, சகோதரர் ஜேம்ஸ். நம் பையன் பெயரை அச்சில் பார்த்ததும் எனக்குக் குரல் இன்னும் ஏறிவிட்டது. விரலை வைத்துக்கொண்டே போனேன், குடிகாரன் வேம்புலி, சாக்கடையில் கிடந்தவன், மனைவியின் தாலியை விற்றுக் குடித்தவன், சகோதரரின் ஜெபத்தால் மீட்கப்பட்ட அதிசயம். எனக்கு எழுத்து முதலில் வரும், அர்த்தம் கொஞ்சம் பின்னால்தான் வரும். அர்த்தம் வந்து திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் டீ கிளாஸோடு வேம்புலி. எவனோ ஒருவன், இன்னா மாமே, போஸ்டர்லாம் அடிச்சிகினு பெரிய ஸ்டார் ஆயிட்டே, தாலி எவ்ளோக்குப் போச்சு என்றான், கடையே சிரித்தது. வேம்புலி சிரிக்கவில்லை, கிளாஸை வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"நீ படிக்கிறது நல்லா கீது நைனா. வேற எதுனா படிச்சிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னான், சைக்கிளை எடுத்துக்கொண்டு பிராந்திக் கடைப் பக்கம் திரும்பிப் போய்விட்டான்.

நாகவல்லி சோற்றை வடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு வாசலில் நின்றாள், நானும் அம்மாவும் கூட நின்றோம். விளக்கு வைக்கும் நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். வெட்கத்தை விட்டுக் கிட்டே போய் மோந்து பார்த்தேன், நாற்றம் இல்லை. கடை வாசல் வரை போனானாம், அந்தச் சுவரிலும் அதே நோட்டீஸாம். "குடிச்சா அத்தினி பேர் முன்னால நான் பொய்யன். குடிக்காட்டி உம்புள்ள கெலிச்சான். எனுக்குனு இன்னா நைனா கீது இதுல?" என்றான். நான் டீக்கடைக்குப் போய் அங்கிருந்த நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்தேன்.

ஷிப்டு முடிந்து வந்த ஜேம்ஸிடம் கேட்டேன். எல்லாம் ஆண்டவருடைய மகிமைக்குத்தான் அப்பா, பொய் ஒன்றும் எழுதவில்லையே என்று வேதத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறான். கிழித்து வந்த நோட்டீஸை அவன் முன்னால் விரித்தேன். எனக்குத்தான் இப்போது பெரிய எழுத்து சின்ன எழுத்து தெரியுமே. டேய், உன் பெயர் கட்டைவிரல் தண்டிக்கு இருக்கிறது, வேம்புலியின் மானம் அதற்குக் கீழே, ஆண்டவர் பெயர் அச்சுக்கூடத்தான் பெயருக்குப் பக்கத்தில் எறும்பு போல ஊர்கிறது, இதில் மகிமை யாருக்கடா என்று கேட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்ன ஆண்டவரைத் தெருவில் பசை தடவி ஒட்டியிருக்கிறாயே என்றேன். எச்சில் இலையை வாசலில் போட்டு, இத்தனை பேருக்குச் சோறு போட்டேன் என்று காட்டுகிறவனைப் பார்த்தால் வருமே ஒரு அருவருப்பு, பெற்ற பிள்ளை மேல் எனக்கு அது வந்தது. ஒட்டின கையே சுரண்டட்டும், சுரண்டினால்தான் வீட்டில் சோறு என்றேன், அம்மாவும் குறுக்கே பேசவில்லை.

மறுநாள் விடியலில் வாளியும் கரண்டியுமாகப் போனான், நானும் பின்னாலேயே போனேன். ஸ்டேஷன் சுவர், ரேஷன் கடை, கடைசியில் பிராந்திக் கடை. அங்கே காலையிலேயே நின்றவர்கள், இன்னா பாஸ்டரே, இன்னிக்கு யார காப்பாத்த வந்தே என்று கேலி செய்தார்கள். வசனம் சொல்லித் திருப்புவான் என்று பயந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை, கடைசித் துண்டு காகிதத்தை நகத்தால் சுரண்டினான். அவன் வாயைத் திறக்காமல் செய்த முதல் ஊழியம் அது. கூட்டத்தில் சாட்சி சொல்லவும் போகவில்லை.

வேம்புலி அவனோடு இன்னும் பேசவில்லை, பேசச் சொல்லி நான் கேட்கப்போவதும் இல்லை. ஆனால் நேற்று வடை கட்டி வந்த பேப்பரை என்னிடம் நீட்டி, படி நைனா என்றான். நான் முதலில் உதடு அசையாமல் மனதுக்குள் முழுக்கப் படித்துவிட்டு, தூத்துக்குடியில் உப்பு விலை ஏறிய சேதிதான் என்று தெரிந்த பிறகு உரக்கப் படித்தேன். அவன் சிரித்தான். இன்றுவரை குடியைத் தொடவில்லை, யாரால் விட்டான் என்று இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் முத்தம். மறக்காமல் ஒன்று. அப்பா சொந்தமாக எழுதிய கடிதம் என்று சந்தோஷத்தில் இதை உங்கள் ஜெபக்கூட்டத்தில் எடுத்துப் படித்துவிடாதே. கதவைச் சாத்திக்கொண்டு நீ மட்டும் படி.

இப்படிக்கு
உன் அப்பா
மா. தேவராஜ்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)