அவள் முறை வரும் சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

"பழசத் தோண்டாதக்கா" என்று மெல்போர்னிலிருந்து எழுதியிருந்தாய். தோண்டி ஒரு வருடமாகிறது. ஸ்டுட்கார்ட்டில் நம் பழைய வீட்டு வாசல் நடைபாதையில் அப்பா பெயர் பொறித்த பித்தளைக் கல்லைப் பதிக்கவைத்தேன். ரீகா நகருக்கு நாடு கடத்திய தேதியும், 'கொல்லப்பட்டார்' என்ற சொல்லும் அதில் உண்டு.

யூதர்களைத் தேடிவந்த போலீசுக்கு அப்பா ஒளிந்திருந்த கரி அறையைக் கைகாட்டிய எல்ஃப்ரீடே இன்னும் அதே கீழ்த்தளத்தில்தான் இருக்கிறாள். அப்போது பதினேழு வயது; இப்போது எண்பத்திரண்டு.

வாரம் ஒரு குடித்தனம் வாசலைப் பெருக்கும் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். முறை வந்தவர் கதவில் மாட்டும் பலகை போன வாரம் அவள் கதவில் தொங்கியது. சனிக்கிழமை நான் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். வழக்கம்போலக் கல்லை விட்டுவிட்டுச் சுற்றிப் பெருக்கினாள். மாடி ஜன்னலிலிருந்து புதுக் குடித்தனக்காரி கத்தினாள்.

"பாட்டி, பித்தளை கறுத்துக் கெடக்கே, அதையும் தேய்ச்சிடுங்க!"

தெருவே பார்க்கும்போது அவளால் அழுக்கை விட்டுவைக்க முடியுமா? முழங்காலிட்டு, அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகத் தேய்த்தாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னும் எத்தன நாளைக்கும்மா இது?"

"உங்க முறை வர்றப்பல்லாம்" என்றேன்.

மொத்தம் நான்கு குடித்தனங்கள். அவள் நூறு வயதுவரை நன்றாக இருக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீயும் வேண்டிக்கொள்.

எதையும் மறக்காத,
உன் அக்கா