வெளிச்சம் கூட்டிய வீடு

சிங்கப்பூர்
ஆகஸ்ட் 1997

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். அங்கே நீங்களும் அம்மாவும் தங்கச்சி வேணியும் சுகந்தானா?

ஆழ்வார்குறிச்சியில் நாம் கட்டப்போகும் வீட்டை ஆபீஸ் கம்ப்யூட்டரில் படமாக்கி அனுப்பினேன் அல்லவா? "ஏலே, ஒரே இருட்டால்லா இருக்கு" என்று பதில் வந்தது. வெளிச்சத்தைக் கூட்டி, சுவரும் நிழலும் எடுப்பாகத் தெரியும்படி மாற்றி, மறுபடி அனுப்பினேன். "இப்பவும் மங்கலாத்தான் இருக்குலே" என்றீர்கள். எரிச்சலோடு இன்னும் கூட்டினேன். வீடு வெயிலில் வெளுத்துப்போய்விட்டதா என்று கேட்டு மேலதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சித்திரையிலிருந்து உங்கள் கடிதங்களெல்லாம் வேணியின் கையெழுத்தில்தான் வருகின்றன. நீங்கள் சோம்பல்படுகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். படத்தையே திருத்திக்கொண்டிருந்தேனே தவிர, உங்கள் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை அப்பா.

வீடு கிடக்கட்டும். முதலில் பாளையங்கோட்டைக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவிடம் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடச் சொல்லுங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

அன்புடன்,
சிவகணேஷ்

வேணி, இதையும் நீதான் வாசித்துக் காட்டுவாய். கேட்கும்போது அப்பா முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.