பழஞ்சாயம்

மே 6
வேரா அன்ரி இண்டைக்கும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டா. வேலை இருக்கெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். செவன் ஹில்ஸில அவவின்ர பின்வீட்டிலதான் வாடகைக்கு இருக்கிறன். ரஷ்யாக்காரி, தனிச்சீவன். ஒருநாளைக்கு மூண்டு தரம் கூப்பிட இவவுக்கு என்ன தேவை?

மே 9
அவவின்ர குசினி யன்னலால பாத்தன். காலமை ஊறவச்ச கறுத்தத் தேயிலைச் சாயத்தில கொஞ்சம், மேல சுடுதண்ணி. பழஞ்சாயம்! அதைத்தான் எனக்குத் தர நிக்கிறா. அகதி எண்டால் இளக்காரம்தானே.

மே 17
பெட்டி தூக்கி வைக்கக் கூப்பிட்டா, போனன். எந்த வருசம் படகில வந்தனீ, விசா என்ன, கேஸ் எப்ப... கேள்விக்கு மேல கேள்வி. என்ர பெயரை ரெண்டு தரம் எழுத்துக்கூட்டிக் கேட்டு, கொப்பியில ஏதோ எழுதினா. கோப்பையை நீட்டினா. நான் தொடேல்லை. இமிகிரேசனுக்கு ஆர் சொல்லிக் குடுக்கினம் எண்டு ஆருக்குத் தெரியும்?

மே 18
வீடு மாறுவமோ?

ஜூன் 3
லோயர் கிரிஜா போன் எடுத்தா. விசா ஹியரிங் இருபத்தாறாம் திகதி. என்னை நல்லாத் தெரிஞ்ச ஆரிட்டயாவது கடிதம் வேணுமாம். பன்னிரண்டு வருசமா இங்க இருக்கிறன், என்னை ஆருக்குத் தெரியும்? வேலைத்தலத்தில பெயரையே பிழையாத்தான் கூப்பிடுகினம்.

ஜூன் 5
வெட்கத்தை விட்டு வேராட்டக் கடிதம் கேட்டன்.

“எப்பிடி எழுத? நீ என்னோட ஒருநாளும் தேத்தண்ணி குடிக்கேல்லையே.”

விசர் மனுசி எண்டு நினைச்சன். முகத்தில பகிடி இல்லை. தங்கட நாவல்களில சண்டை, கலியாணப் பேச்சு, மன்னிப்பு எல்லாம் தேத்தண்ணி மேசையிலதானாம். மேசைக்கு வராத ஆளை எப்பிடித் தெரியும் எண்டு கேட்டா. சாயத்தைக் கடுமையா ஊறவச்சு, ஆளுக்கேற்ற மாதிரித் தண்ணி கலக்கிறதும் அவையின்ர முறையாம். நான் என்னெண்டால்... சீ.

இருந்தன். சீனிக்கட்டியைப் பல்லுக்குள்ள வச்சுக் குடிச்சன், எங்கட ஆக்கள் பனங்கட்டியோட குடிக்கிற மாதிரி. வேரா பாத்துக்கொண்டே இருந்தா. அவவின்ர அப்பாவும் இப்பிடித்தானாம். அவவுக்குக் கண் கலங்கிட்டுது. மூண்டு கோப்பை குடிச்சன். பிறகு துணிஞ்சு அந்தக் கொப்பியைக் கேட்டன்.

ரஷ்ய எழுத்தில பக்கம் முழுக்க ஒரே சொல்லு. வாசிச்சுக் காட்டினா: நிரஞ்சினி. என்ர பெயர். பிழையில்லாமக் கூப்பிடப் பழகினவவாம்.

ஜூன் 20
வேரா எழுதின கடிதத்தைக் கிரிஜா வாசிச்சுக் காட்டினா. கடைசி வரி: “சீனியைப் பல்லில் வைத்துத் தேநீர் குடிக்கிறவள். இவளை எனக்குத் தெரியும்.”

“இந்த வரி மட்டும் வேணாமே, எடுத்துடலாமா?” எண்டு கேட்டா.

எடுக்க விடமாட்டன் எண்டு சொல்லிட்டன். அதை ஏன் எடுக்கச் சொல்லுறா? இப்ப எனக்குக் கிரிஜாவிலதான் சந்தேகம்.